மோட்டார் பட்டறையில் பழுதறி கருவி

பெங்களூரு நகரின் ஜெயசாமராஜேந்திர சாலையிலும் அதனை அடுத்த காளாசிபாளையத்திலும் மோட்டார் உதிரிப் பாகக் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் பக்கச் சந்துகளிலும், வில்சன் கார்டன், சிவாஜி நகர் போன்ற பகுதிகளிலும் சிறு பழுதுபார்க்கும் பட்டறைகள் பல இயங்கி வருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இப்பட்டறைகளில் பழுதைக் கண்டறியும் முதன்மையான கருவி மெக்கானிக்கின் செவியே ஆகும். என்ஜின் ஓடும் ஓசையைக் கேட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்து, கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, அவர் தம் முடிவுக்கு வந்தார். இன்று அதே பட்டறைக்கு வரும் காரில் கார்புரேட்டர் இல்லை. திருப்பத் திருகும் இல்லை. ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. அவ்விளக்கு ஏன் எரிகிறது என்பதை அறிவதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி தேவைப்படுகிறது. பழுதறி கருவி, அதாவது ஸ்கேனர் எனப்படுவது இதுவே.

மோட்டார்த் தொழிலில் பெங்களூருக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 'மைக்கோ' என அழைக்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951-இல் தோன்றி, ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் என்ஜினுக்கான எரிபொருள் பம்புகளையும் உற்பத்தி செய்தது. 2008-இல் அது பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. டீசல் பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் எரிபொருளைக் கண்ணாடிக் குழாயில் அளந்து சரிசெய்யும் கைத்திறன் இந்நகரில் பலருக்கு வாழ்வளித்தது. அவ்வளவும் கண்ணால் காணக்கூடிய அளவீடுகள். கணினி காருக்குள் புகுந்தபின் அளவீடுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குச் சென்றுவிட்டன.

கணினி வந்த காரணம்

இம்மாற்றம் ஓட்டுநரின் வசதிக்காக ஏற்பட்டதன்று. நகரக் காற்றின் பொருட்டு ஏற்பட்டது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி செவ்வனே செயல்பட வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் பெரிதும் பிறழாமல் இருக்க வேண்டும். கார்புரேட்டரால் இத்துல்லியத்தைக் காக்க இயலாது. புகையிலுள்ள ஆக்ஸிஜனை ஓர் உணர்கருவி இடைவிடாது அளந்து கூற, அதற்கேற்ப எரிபொருளைக் கணினி கூட்டியும் குறைத்தும் செலுத்தும் ஏற்பாடே இதற்குத் தீர்வாயிற்று. 1999 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் புதிய கார்களுக்கு யூரோ நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியபோது, இந்தியக் கார்களில் கார்புரேட்டரின் காலம் முடிவடையத் தொடங்கியது.

கணினி வந்தபின் மற்றொரு வினா எழுந்தது. உணர்கருவி ஒன்று கெட்டுவிட்டால் கார் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் புகை மிகும். உரிமையாளருக்கு அது தெரியாது. ஆகவே, தன் பழுதைத் தானே கண்டறிந்து அறிவிக்கும் கடமை காரின் கணினிக்கே விதிக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988 முதல் இதனைக் கோரியது. 1996 முதல் அந்நாட்டில் விற்கப்படும் கார்கள் அனைத்திற்கும் ஒரே வகை இணைப்பும் ஒரே வகைக் குறியீடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் இம்முறை வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 நெறிமுறை 2010 ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது இதன் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் அமலாயின. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறையில் உள்ளது. எனவே, கடந்த பத்தாண்டுகளில் விற்பனையான ஏறக்குறைய எந்தக் காரையும் பொதுவான ஒரு பழுதறி கருவியால் படிக்க இயலும்.

கருவி படிப்பது எதனை?

ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில், 16 முனைகள் கொண்ட இணைப்புக் குழி ஒன்று உள்ளது. கருவியின் வடத்தை அதில் செருகி, சாவியைத் திருப்பினால் போதும். கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அக்குழியின் 16-ஆம் முனையிலிருந்தே கிடைத்துவிடும். இன்றைய கார்களில் கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் இரு கம்பிகள் 6-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் வருகின்றன. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட முறை இது. கருவி காரோடு பேச மறுத்தால், பாட்டரி இணைப்பை நீக்கிவிட்டு இவ்விரு முனைகளுக்கும் இடையேயுள்ள மின்தடையைச் சாதாரண மீட்டரால் அளக்கலாம். 60 ஓம் அளவில் இருப்பின் கம்பிகள் பொதுவாக நலமாக உள்ளன எனலாம்; 120 ஓம் எனில், இரு கோடியிலும் உள்ள தடைகளுள் ஒன்று துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கருவி முதலில் காட்டுவது பழுதுக் குறியீடு. ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் சேர்ந்தது அது. முதலெழுத்து, பழுது என்ஜின் பகுதியைச் சேர்ந்ததா, பிரேக் முதலான அடிச்சட்டப் பகுதியைச் சேர்ந்ததா, உடற்பகுதியைச் சேர்ந்ததா, அல்லது கணினிகளுக்கு இடையேயான தொடர்பைச் சேர்ந்ததா என்பதை உணர்த்தும். அடுத்து வரும் இலக்கம் பூஜ்யமாயின் அது பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்றாயின் அந்நிறுவனத்திற்கே உரியது. காட்டாக, 'பி 0301' என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதைக் குறிக்கும். 'பி 0171' என்றால் கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துள்ளது என்று பொருள்.

இதனினும் பயனுள்ளவை வேறு இரண்டு. பழுது பதிவான அந்தக் கணத்தில் என்ஜினின் சுழற்சி வேகம், வெப்பநிலை, சுமை ஆகியவை எவ்வாறு இருந்தன என்பதைக் கணினி படம்பிடித்தாற்போல் சேமித்து வைக்கிறது. காலையில் குளிர்ந்த என்ஜினில் மட்டும் தோன்றும் பழுதை, பிற்பகலில் பட்டறைக்கு வந்த காரில் தேடி அலையும் வேலையை இப்பதிவு மிச்சப்படுத்தும். மற்றொன்று, என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு உணர்கருவியின் அளவையும் காட்டும் நேரடித் தரவு. குறியீட்டை மட்டும் படித்துவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைப்பவர், அதன் விலையில் பாதியை வீணாக்குகிறார் என்றே கூற வேண்டும்.

குறியீடும் காரணமும்

பட்டறைகளில் மிகுதியாக நிகழும் தவறு, குறியீட்டில் பெயர் வரும் பாகத்தையே குற்றவாளியாகக் கொண்டு அதனை மாற்றிவிடுவதாகும். குறியீடு கூறுவது, குறிப்பிட்ட ஒரு மின்சுற்றிலிருந்து வரும் அளவு எதிர்பார்த்த எல்லையைக் கடந்துவிட்டது என்பதை மட்டுமே. காரணம் அப்பாகமாக இருக்கலாம். அதற்குச் செல்லும் கம்பியாக இருக்கலாம். அல்லது அப்பாகம் உண்மையையே அளந்து கூற, கோளாறு முற்றிலும் வேறிடத்தில் இருக்கலாம்.

குளிர்விப்பு நீரின் வெப்ப உணர்கருவியை எடுத்துக்கொள்வோம். 'பி 0118' என்ற குறியீடு வருகிறது. நேரடித் தரவில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி எனக் காண்கிறது. பெங்களூரின் மார்கழிக் காலையிலும் அத்தகைய குளிர் இல்லை. மின்சுற்று எங்கோ துண்டிக்கப்பட்டிருப்பதையே அந்த எண் காட்டுகிறது. உணர்கருவியின் இணைப்பைக் கழற்றி, கம்பி முனைகள் இரண்டையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்துப் பார்த்தால், அளவு உடனே நூறு டிகிரிக்கும் மேலாகத் தாவ வேண்டும். தாவினால் கம்பியும் கணினியும் நலம், உணர்கருவியை மாற்றலாம். தாவாவிட்டால் புதிய உணர்கருவி வாங்குவதில் பயனில்லை. கம்பியைத் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள நிறுத்தங்களில் எலி கடித்த கம்பி இவ்வாறு அகப்படுவது அரிதன்று.

'பி 0301' வந்தால் முதல் சிலிண்டரின் பற்றவைப்புச் சுருளை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு 'பி 0302' என மாறினால் சுருளே பழுது. மாறாவிட்டால் பிளக்கையும், பின்னர் எரிபொருள் பீச்சியையும் இதே வகையில் சோதிக்கலாம். இச்சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை.

எரிபொருள் குறைவைக் காட்டும் 'பி 0171' சற்றுச் சிக்கலானது; கருவியின் உண்மையான பயனும் இங்குதான் விளங்கும். காற்று மிகுதியாக இருப்பதை ஆக்ஸிஜன் உணர்கருவி தெரிவித்தவுடன், கணினி எரிபொருளைக் கூட்டி ஈடுசெய்ய முயல்கிறது. எத்தனை சதவீதம் கூட்டியது என்பதைத் திருத்த அளவாக நேரடித் தரவில் காணலாம். சும்மா நிற்கும் என்ஜினில் இத்திருத்தம் 20, 25 சதவீதமாக இருந்து, சுழற்சியை 2,500-க்கு உயர்த்தியதும் இயல்பு நிலைக்கு இறங்கினால், உட்செல்லும் காற்றுக் குழாயில் வெடிப்போ கசிவோ உள்ளது எனக் கொள்ளலாம். வெடிப்பின் வழியே நுழையும் காற்று, மொத்தக் காற்று குறைவாக உள்ளபோதுதான் பெரும் பங்காகத் தோன்றும். மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடத் திருத்தமும் ஏறுமானால், எரிபொருள் போதிய அளவில் வந்து சேரவில்லை. பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். முதல் காரணத்திற்குச் சில நூறு ரூபாய் ரப்பர்க் குழாய் போதும். குறியீட்டை மட்டும் நம்பி ஆக்ஸிஜன் உணர்கருவியை மாற்றுபவர் வாடிக்கையாளருக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் அதே விளக்குடன் அதே காரைத் திரும்பக் காண்பார். வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்ததாகக் கூறும் 'பி 0420' வந்தபோது இத்தவறு இன்னும் விலை மிகுந்ததாகிவிடுகிறது. ஏனெனில் காரின் விலையுயர்ந்த பாகங்களுள் அம்மாற்றியும் ஒன்று.

ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து குறியீடுகள் வந்து குவிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் பாட்டரியைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் தாழும்போது கணினிகள் ஒன்றையொன்று குறைகூறத் தொடங்கிவிடுகின்றன. நல்ல நிலையிலுள்ள பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அளவு 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும்.

உயரமும் நெரிசலும்

நூலில் உள்ள எண்களை அப்படியே ஏற்பது பெங்களூரில் ஏமாற்றத்தைத் தரும். இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாவியைத் திருப்பி, என்ஜினை இயக்காமல், உட்குழாய் அழுத்த உணர்கருவியின் அளவைப் பார்த்தால் அது சுற்றுப்புறக் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் இது 101 கிலோ பாஸ்கல் அளவில் இருக்கும். பெங்களூரில் 91 அளவில் இருப்பதே சரி. கடற்கரை நகருக்கான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல உணர்கருவியைக் கெட்டதெனத் தள்ளிவிடக்கூடாது. மாறாக, பெங்களூரில் அது 101 எனக் காட்டுமாயின் அதன்மீதுதான் ஐயம் கொள்ள வேண்டும்.

டீசல் கார்களுக்கு நகரின் நெரிசலே ஒரு நோய். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகையின் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தூய்மை செய்ய 600 டிகிரியை ஒட்டிய வெப்பமும், சில நிமிடங்கள் தடையின்றி ஓடுதலும் தேவை. சில்க் போர்டு சந்திப்பு வழியாக நாள்தோறும் ஊர்ந்து செல்லும் காருக்கு அவ்வாய்ப்பு கிட்டுவதில்லை. எரித்தல் பாதியில் நின்று நின்று கரி மிகுந்துவிட, விளக்கு எரிகிறது. என்ஜினின் ஆற்றலும் குறைக்கப்படுகிறது. இந்நிலையில் கரியின் அளவைக் கருவியில் படித்து, எல்லை மீறாதிருப்பின் தும்கூர் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவரச் செய்வதே பலமுறை போதுமானது. மீறியிருப்பின், நின்ற நிலையில் எரித்தலைத் தொடங்குமாறு கருவியின் வழியே கணினிக்கு ஆணையிட வேண்டும். இதனை எல்லாக் கருவிகளும் செய்வதில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதியிலும் பெல்லந்தூர்ப் பகுதியிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. நீர் புகுந்த காரில் பழுதறி கருவியைச் செருக, முதற்செயலாகச் சாவியைத் திருப்புவது கூடாது. ஈரமான இணைப்புகளில் மின்சாரம் பாய்ந்து கணினியே கெடலாம். சிலிண்டருக்குள் நீர் இருக்க என்ஜினைச் சுழற்றினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். இதனைக் கருவி முன்கூட்டி எச்சரிப்பதில்லை.

அழித்தலும் மறைத்தலும்

குறியீட்டை அழிக்கும் வசதி எல்லாக் கருவிகளிலும் உண்டு. பழுதைச் சரிசெய்யாமல் அதனை அழிப்பது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதை ஒக்கும். அழிக்கும்போது, முன்கூறிய பழுதுநேரப் பதிவும் சேர்ந்து மறைந்துவிடுவதால் அதற்கு முன் யாவற்றையும் குறித்துக்கொள்வது நலம்.

பழைய கார் வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் உள்ளது. குறியீடுகள் அழிக்கப்பட்டதும், வினையூக்கி மாற்றி, ஆக்ஸிஜன் உணர்கருவி முதலியவற்றைக் கணினி தானே சோதித்து முடித்ததற்கான அடையாளங்களும் நீங்கிவிடும். அவை மீண்டும் நிறைவு பெற நகரிலும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓட்ட வேண்டும். விற்பனைக்கு நிற்கும் காரில் விளக்கு எரியவில்லை. ஆனால் சோதனைகள் 'நிறைவடையவில்லை' எனக் கருவி காட்டுகிறது. குறியீடு அழித்தபின் ஓடிய தொலைவு ஐந்து கிலோ மீட்டர் என்றும் காட்டுகிறது. இத்தகைய காரை அன்றே வாங்கிவிடாதிருப்பது விவேகம். புகைச் சான்றிதழ் இருப்பது இதற்கு மாற்றாகாது. அச்சோதனை புகைபோக்கியில் குழாயைச் செருகி அந்நேரத்துப் புகையை அளப்பதாகும். கணினியின் நினைவில் உள்ளதை அது வினவுவதில்லை.

கருவி யார் கையில்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கைப்பேசியோடு இணையும் சிறு கருவி பொதுவான குறியீடுகளையும் என்ஜின் தரவுகளையும் படிக்கும். கார் உரிமையாளருக்கு அதுவே போதும். பல நிறுவனக் கார்களின் பிரேக், காற்றுப்பை போன்ற பகுதிகளையும் படிக்கும் கருவிக்குப் பல்லாயிரம் ரூபாய் முதல் இலட்சம் வரை ஆகிறது. மூன்றாவது வகை, கார் உற்பத்தியாளர் தம் முகவர்களுக்கென வைத்துள்ள கருவி. சில வேலைகள் இதன்றி நடப்பதில்லை. டீசல் காருக்குப் புதிய பீச்சி பொருத்தினால், அதன் மீது அச்சிட்டுள்ள திருத்த எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிடில் என்ஜின் சீராக ஓடாது. முன்பு மைக்கோ பம்பைக் கண்ணாடிக் குழாயால் அளந்து சரிசெய்த தொழிலாளி, இன்று அந்த எண்ணைப் பதிய வழியின்றி வாடிக்கையாளரை முகவரின் பட்டறைக்கு அனுப்ப நேரிடுகிறது. சிறு பட்டறைகளின் பிழைப்பு இந்த ஓரிடத்தில் தடைப்படுகிறது.

இப்பிரச்சினை இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் 2011-இல் ஒரு முறையீடாக வந்தது. உதிரிப் பாகங்களையும் பழுதறி கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்தது போட்டிச் சட்டத்திற்கு முரணானது என 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் முடிவு செய்து, 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. தனிப் பட்டறைகளுக்கு இவை கிடைக்க ஏற்பாடு செய்யுமாறும் பணித்தது. இத்தீர்ப்பு மேல்முறையீடுகளுக்கு உள்ளாயிற்று. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்கள் தொடர்பாக முடிவை ஏற்று, அபராதத்தைக் கணிக்கும் அடிப்படையை மாற்றித் தொகையைக் குறைத்தது.

மத்திய நுகர்வோர் நலத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றுடன் மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பிற்குள் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் இதற்கெனத் தொடங்கிய இணையத் தளத்தில், நிறுவனங்கள் தம் கையேடுகளையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளியிட வழி செய்யப்பட்டுள்ளது. கையேடு கிடைப்பது ஒரு படி. குறிப்பிட்ட மின்சுற்றில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எந்த நிறக் கம்பி எங்குச் செல்கிறது என்பவை அதில்தான் உள்ளன. அவை இல்லாமல் குறியீட்டிலிருந்து காரணத்திற்குச் செல்வது கடினம். ஆனால் பீச்சியின் எண்ணைப் பதிவதற்கும், கரி வடிகட்டிக்கு ஆணையிடுவதற்கும் கையேடு போதாது. கணினியைத் திறக்கும் அனுமதியும் வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் உற்பத்தியாளரின் இணைய ஒப்புதலின்றி வெளிக்கருவி குறியீட்டைப் படிக்க மட்டுமே முடிகிறது. அழிக்கவோ ஆணையிடவோ இயலுவதில்லை. திருட்டைத் தடுக்க இவ்வேற்பாடு தேவை என்பது உற்பத்தியாளர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பதிவு பெற்ற தனிப் பட்டறைகளுக்கு நியாயமான கட்டணத்தில் அவ்வொப்புதலை வழங்கும் முறை ஐரோப்பாவில் சட்டத்தின் வாயிலாக வகுக்கப்பட்டுள்ளது. ஜெயசாமராஜேந்திர சாலைப் பட்டறைகள் எதிர்நோக்குவதும் அத்தகைய ஒரு முறையையே.